டோரண்ட் மெதுவாக இறங்குகிறதா? ரவுட்டர் போர்ட், பொது ஐபி, விபிஎன், சீட்பாக்ஸ்: எதைத் தேர்ந்தெடுப்பது?

100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தும் டோரண்ட் வினாடிக்கு 400 கிலோபைட்டில் ஊர்கிறது என்றால், செய்து பார்க்கப் பல வழிகள் இருக்கின்றன. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு வருவதற்கான எண்ணிட்ட வாசல்) திறக்கலாம், இணைய நிறுவனத்திடம் பொது ஐபி (வெளியிலிருந்து நேரடியாக அடையக்கூடிய முகவரி) கேட்கலாம், புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியே முயலலாம், போர்ட் தரும் விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் சேவை) வாங்கலாம், வெளியே ஓடும் சர்வரான சீட்பாக்ஸை வாடகைக்கு எடுக்கலாம். முதல் வழிக்குக் காசு தேவையில்லை. கடைசி இரண்டுக்கும் மாதாமாதம் பணம் போகும். வேகம் எங்கே தடைபடுகிறது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பணமும் போய் வேகமும் வராமல் போக வாய்ப்பு அதிகம். தடை உங்கள் ஹார்டு டிஸ்கில் இருந்தால், எந்த விபிஎன்னும் அதைச் சரிசெய்யாது.

காசு கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

அலகுக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இணைய நிறுவனம் சொல்வது மெகாபிட் கணக்கு. டோரண்ட் மென்பொருள் காட்டுவது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒட்டிவரும் முகவரித் தகவல்களைக் கழித்தால் 11 மெகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். அது வந்துகொண்டிருந்தால் உங்கள் இணைப்பு முழு வேகத்தில்தான் ஓடுகிறது, சரிசெய்ய ஒன்றுமில்லை.

அடுத்தது, குறை அந்த டோரண்டிலா உங்கள் வீட்டிலா என்று பிரித்தறிவது. லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு அல்லது டெபியனின் அண்மை வெளியீட்டை அவர்களுடைய அதிகாரப்பூர்வத் தளத்தில் கிடைக்கும் டோரண்ட் வழியாக இறக்கிப் பாருங்கள். அதற்குச் சீட் (முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அனுப்புபவர்) எப்போதும் ஏராளமாக இருக்கும். அது முழு வேகத்தில் வந்து, நீங்கள் விரும்பும் கோப்பு மட்டும் ஊர்ந்தால், உங்கள் லைன் சரியாகவே இருக்கிறது. அந்தக் கோப்பைக் கொடுப்பவர்கள்தான் குறைவு. மென்பொருளில் அவெய்லபிலிட்டி என்றொரு எண் தெரியும். அது 1-க்குக் கீழே இருந்தால், உங்களோடு இணைந்திருக்கும் அத்தனை பேரிடமும் உள்ள துண்டுகளைச் சேர்த்தாலும் முழுக் கோப்பு வராது. யாராவது முழுப் பிரதியோடு வரும்வரை எந்தச் செலவும் அதை 100 சதவீதத்துக்குக் கொண்டுபோகாது.

உபுண்டுவும் மெதுவாக வந்தால், கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து மறுபடி பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடி வீடுகளில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் இந்த மூன்றையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. டோரண்ட் ஒரே நேரத்தில் அனுப்பவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது. வைஃபையிலோ இரண்டும் ஒரே காற்றலையைப் பகிர்ந்தாக வேண்டும். அதனால் ஸ்பீட் டெஸ்டில் நன்றாகத் தெரியும் வைஃபைகூட டோரண்டில் தடுமாறும். கேபிளில் வேகம் கூடினால், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவதோ கேபிளை நிரந்தரமாக்குவதோதான் தீர்வு. கட்டுரையின் மீதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

வேகம் ஏறி, சில வினாடிகளில் பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி ஏறி மறுபடி விழுந்தால் டிஸ்கைச் சந்தேகியுங்கள். டோரண்ட் துண்டுகளை வரிசையாக எழுதுவதில்லை. கோப்பின் எல்லா மூலைகளிலும் மாறி மாறி எழுதுகிறது. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்டு டிஸ்குகளுக்கு இந்த எழுத்து முறை ஆகவே ஆகாது. க்யூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளின் வியூ மெனுவில் உள்ள ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தைத் திறந்தால், எழுதக் காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் தற்காலிகக் கோப்புறையை எஸ்எஸ்டிக்கு மாற்றி, இறங்கி முடிந்ததும் பெரிய டிஸ்குக்குத் தானாக நகரும்படி அமையுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் என்றால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறவே ஏறாது.

எல்லோரும் தவறவிடும் இலவச வழி: அப்லோடு வரம்பு

போர்ட்டைத் தொடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். டவுன்லோடைவிட அப்லோடு மிகவும் குறைவாகத் தரும் இணைப்புகளில் வேறு எந்த மாற்றமும் தராத பலனை இந்த ஒரு அமைப்பு தரும்.

காரணம் இதுதான். தரவு போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி முறை வழியாக வரும் தரவுக்கு 'கிடைத்தது' என்ற ஒப்புகையை உங்கள் கணினி ஓயாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு பாக்கெட்டுக்கு ஒரு ஒப்புகை. 100 எம்பிபிஎஸ் முழுவதையும் நிரப்ப, ஒப்புகைகளுக்கு மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். டோரண்ட் மென்பொருள் வரம்பின்றி அனுப்பத் தொடங்கினால் அப்லோடு பாதை நிரம்பி, மோடத்தின் நினைவகத்தில் பாக்கெட்டுகள் வரிசைகட்டி நிற்கும். ஒப்புகைகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. அவை தாமதமானால் அனுப்புகிறவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அப்லோடு நிரம்பியதால் டவுன்லோடு விழுவது இப்படித்தான். டோரண்ட் ஓடும்போது வீட்டில் வீடியோ அழைப்பு திக்கித் திணறுவதற்கும் இதுவே காரணம்.

டோரண்டை நிறுத்திவிட்டு ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்று வந்தால் அது வினாடிக்குச் சுமார் 2,400 கிலோபைட். அதில் 80 சதவீதம், அதாவது 1,900-ஐ மென்பொருளின் மொத்த அப்லோடு வரம்பாகப் போடுங்கள். 2 எம்பிபிஎஸ் மட்டுமே இருக்கும் பழைய லைன் என்றால் 180 போதும்.

அதற்காக அப்லோடை 5, 10 கிலோபைட்டுக்கு இறுக்கிவிடாதீர்கள். டோரண்டின் அடிப்படையான பிட்டோரண்ட் கொடுத்து வாங்கும் முறை. 2001-இல் பிராம் கோஹன் வெளியிட்ட மூல வடிவமைப்பிலேயே, ஒவ்வொரு பியரும் (அதே கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொரு கணினியும்) பத்து வினாடிக்கு ஒருமுறை தனக்கு அதிகம் கொடுத்தவர் யாரென்று பார்த்து அவர்களுக்கே வழிவிடும். புதியவர் ஒருவருக்கு வாய்ப்புத் தருவது முப்பது வினாடிக்கு ஒருமுறைதான். நீங்கள் ஒன்றுமே கொடுக்காவிட்டால் அந்த முப்பது வினாடி வாய்ப்பை நம்பியே காலம் தள்ள வேண்டும். முழுக் கோப்பு வைத்திருக்கும் சீட்களுக்கு உங்களிடமிருந்து வாங்க எதுவுமில்லை, அவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனால் சீட் குறைவாகவும் பியர் நிறையவும் உள்ள புதிய டோரண்டில் நீங்கள் கொடுப்பதுதான் உங்களுக்கு வருவதைத் தீர்மானிக்கும்.

அதே பக்கத்தில் இணைப்பு எண்ணிக்கையையும் பாருங்கள். க்யூபிட்டோரண்ட் மொத்தம் 500, ஒரு டோரண்டுக்கு 100 என்று இயல்பாக வைத்திருக்கும். நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சிறிய ரவுட்டரில் இது அதிகம். டோரண்ட் ஓடும்போது இணையப் பக்கங்களே திறக்காமல் போய், ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் அதன் இணைப்பு அட்டவணை நிரம்பிவிட்டது என்று பொருள். மொத்தம் 200, ஒன்றுக்கு 50 என்று குறையுங்கள். வேகம் குறையாது. பெரும்பாலும் கூடும்.

திறந்த போர்ட் எதற்கு உதவும், எதற்கு உதவாது

உங்கள் போர்ட் மூடியிருந்தால் நீங்கள் மற்றவர்களைத் தேடிப் போகலாம். மற்றவர்கள் உங்களைத் தேடி வர முடியாது. போர்ட் மூடிய இருவர் ஒருவரோடொருவர் பேசுவது கடினம். இரண்டு பேருக்கும் பொதுவான மூன்றாவது பியர் நடுவில் நின்று வழிகாட்டி, ஒப்புகை கேட்காத யுடிபி முறை வழியாகத் துளையிடும் உத்தி ஒன்று உண்டு. ஆனால் அது எல்லா ரவுட்டரிலும் வேலை செய்வதில்லை.

இதிலிருந்து ஒரு தெளிவான முடிவு கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான சீட் உள்ள டோரண்டில் போர்ட் திறந்தாலும் மூடினாலும் டவுன்லோடு வேகம் பெரிதாக மாறாது. தேடிப் போய் இணையப் போதுமானவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, மூன்று சீட் மட்டுமே உள்ள பழைய, அரிய கோப்புகளில் போர்ட்டுதான் எல்லாம். அந்த மூவரும் போர்ட் மூடியவர்களாக இருந்தால், உங்கள் போர்ட் திறந்திருந்தால் மட்டுமே கோப்பு வரும். நீங்கள் நீண்டகாலம் சீட் செய்பவர் என்றாலும் அப்படித்தான்: திறந்த போர்ட் இல்லையென்றால் உங்களிடமிருந்து வாங்க வருபவர்களில் பெரும் பகுதியினர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். அப்படியிருக்க, புதிய லினக்ஸ் வெளியீடுகளை மட்டும் இறக்குகிறவர் போர்ட்டுக்காகப் பணம் செலவழிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

உங்களிடம் பொது ஐபி இருக்கிறதா?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் உள்ள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபியைக் காட்டும் இணையதளம் ஒன்றில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது ஐபி உண்டு. போர்ட் திறப்பது இலவசம்.

வேறுபட்டால், ரவுட்டரில் தெரியும் எண்ணைக் கவனியுங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. பழைய முறையான ஐபிவி4-இல் முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. 2012-இல் இந்தப் பகிர்வுக்கென்றே ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் வழியாக இந்த எண் வரிசை ஒதுக்கப்பட்டது. இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. மூடிய கதவு நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது.

192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஃபைபர் மோடம் ஒன்று, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கியது ஒன்று. மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றச் சொன்னாலே போதும். 10 என்று தொடங்கும் முகவரி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மோடத்தின் பக்கத்தில் நுழைந்து அதன் வான் ஐபியையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

பொது ஐபி உள்ளவர்களுக்கு: யுபிஎன்பியா, கையால் திறப்பதா?

யுபிஎன்பி என்றால் டோரண்ட் மென்பொருளே ரவுட்டரிடம் கேட்டு போர்ட்டைத் திறந்துகொள்ளும். ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. குறை என்னவென்றால், வீட்டிலுள்ள எந்தக் கருவியும், மலிவான கேமரா உட்பட, அதே வழியில் உங்களிடம் கேட்காமலேயே வாசலைத் திறந்துவிட முடியும். தவிர, ரவுட்டர் மறுதொடக்கம் ஆனபின் சில மாடல்கள் பழைய பதிவை மறந்துவிடும். மென்பொருளோ திறந்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

கையால் திறக்கப் பத்து நிமிடம் ஆகும், பிறகு பல வருடம் நிற்கும். நாங்கள் இதையே சொல்வோம். கணினியின் உள் முகவரி மாறாதபடி ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போடுங்கள். இதை விட்டுவிட்டால் சில நாளில் அந்த முகவரி வீட்டிலுள்ள கைபேசிக்குப் போய், போர்ட் 'தானாக மூடிக்கொண்டது' போலத் தெரியும். மென்பொருளில் 49152-க்கும் 65535-க்கும் இடைப்பட்ட ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றும் ரேண்டம் அமைப்பை எடுத்துவிடுங்கள். பழைய 6881 முதல் 6889 வரையிலான எண்கள் வேண்டாம். டோரண்டைக் கட்டுப்படுத்தும் இடங்களில் முதலில் குறிவைக்கப்படுபவை அவைதான். ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் அந்த எண்ணை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். டிசிபியை மட்டும் திறந்துவிட்டு நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. இன்றைய மென்பொருள்கள் யுடிபி மேல் ஓடும் டோரண்ட் இணைப்பு முறையான மியூடிபியையும், ட்ராக்கர் (பியர்களின் பட்டியலைத் தரும் சர்வர்) இல்லாமல் பியர்களைக் கண்டுபிடிக்கும் டிஹெச்டியையும் அந்த எண்ணிலேயே ஓட்டுகின்றன. கணினியின் சொந்த ஃபயர்வாலிலும் மென்பொருளுக்கு அனுமதி வேண்டும். போர்ட்டைச் சோதிக்கும்போது டோரண்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்பதற்கு ஆளில்லாத போர்ட் எப்போதும் மூடியதாகவே தெரியும்.

போர்ட் திறக்கச் சோம்பிக் கணினியை முழுவதுமாக டிஎம்இசட்டில் போடாதீர்கள். ஒரு கதவுக்குப் பதிலாக எல்லாக் கதவையும் திறப்பது அது.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு

இங்கேதான் உண்மையான தேர்வு வருகிறது. முதலில் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பொது ஐபி கேளுங்கள். அதுவும் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'ஸ்டாட்டிக் ஐபி' என்று கேட்டால் வணிக இணைப்புக்கான கட்டணத்தைச் சொல்வார்கள். டோரண்டுக்கு நிலையான முகவரி அவசியமே இல்லை. முகவரி மாறினாலும் மென்பொருள் புதிய முகவரியை ட்ராக்கருக்கும் டிஹெச்டிக்கும் தானே அறிவித்துவிடும். 'சிஜிநாட்டிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள், மாறும் பொது ஐபி போதும்' என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் இதை இலவசமாகவே செய்து தருகின்றன. கிடைத்தால் மற்ற எல்லா வழியையும்விட இதுவே மேல்: வேக இழப்பு இல்லை, இடையில் இன்னொரு சர்வரும் இல்லை.

ஐபிவி6 ஏற்கெனவே உங்கள் இணைப்பில் இருக்கலாம். கணினியில் 2 அல்லது 3 என்ற இலக்கத்தில் தொடங்கும் நீண்ட முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாவது, அது கணக்கில்லை. ஐபிவி6-இல் முகவரிப் பகிர்வு இல்லை என்பதால் சிஜிநாட் தடையும் இல்லை. ஆனால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதை இயல்பாகவே தடுக்கும். அதில் உங்கள் போர்ட்டுக்குத் தனியாக அனுமதி போட வேண்டும். விண்டோஸ் போன்றவை தனியுரிமைக்காக அடிக்கடி மாறும் தற்காலிக முகவரி ஒன்றையும் வைத்துக்கொள்ளும். அனுமதியை அதற்குப் போட்டால் மறுநாளே வீணாகும், நிலையான முகவரிக்குப் போடுங்கள். இந்த வழியின் எல்லை வெளிப்படை: ஐபிவி6 உள்ள பியர்கள் மட்டுமே இதன் வழியாக வருவார்கள். பியர் பட்டியலில் முக்காற்புள்ளி கலந்த நீண்ட முகவரிகள் எத்தனை என்று எண்ணினால், உங்களுக்கு இது எவ்வளவு உதவும் என்று தெரிந்துவிடும். காசில்லாத வழி என்பதால் விபிஎன்னுக்கு முன் இதை முயல வேண்டும்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால் விபிஎன். எல்லா விபிஎன்னும் இதற்கு ஆகாது. போர்ட் ஃபார்வர்டிங் தராத விபிஎன் உங்களை ஒரு சிஜிநாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவே. நேற்று இருந்த வசதி இன்று போகவும் கூடும்: முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம் 2023-இல் போர்ட் ஃபார்வர்டிங்கை அடியோடு நிறுத்தியது. அதனால் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதம் எடுத்துச் சோதிப்பதே விவேகம்.

விபிஎன்னில் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. விபிஎன் கொடுத்த போர்ட் எண்ணைத்தான் டோரண்ட் மென்பொருளில் போட வேண்டும்; வீட்டு ரவுட்டரில் திறந்தது இப்போது எதற்கும் பயன்படாது. புரோட்டான் போன்ற விபிஎன்கள் போர்ட்டைக் குறுகிய காலக் குத்தகையாகத் தருகின்றன. இணைப்பு அறுந்து மீளும்போது எண் மாறிவிட்டால் மென்பொருளிலும் மாற்றியாக வேண்டும். இரண்டாவது, க்யூபிட்டோரண்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் விபிஎன்னின் இடைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் விபிஎன் அறுந்ததும் டோரண்ட் சத்தமில்லாமல் பழைய வழியில் ஓடத் தொடங்கும். வேகத்துக்கு வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். ஓப்பன்விபிஎன் என்ற மற்றொரு முறையில், குறிப்பாக அதை ரவுட்டரிலேயே ஓட்டினால், ரவுட்டரின் செயலிதான் புதிய தடையாகிவிடும்.

நிறுவனமே டோரண்டைக் குறைக்கிறதா?

நடந்த விஷயம்தான். 2007-இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனம், பிட்டோரண்ட் இணைப்புகளைத் துண்டிக்கப் போலி ரீசெட் பாக்கெட்டுகளை அனுப்புவது வெளிப்பட்டு, 2008-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை நிறுத்த உத்தரவிட்டது. ஆனால் வேகம் குறைந்தவுடனே இந்த முடிவுக்குப் போகக் கூடாது. அதே உபுண்டு கோப்பை நேரடி இணைப்பிலிருந்து இறக்கினால் முழு வேகம், டோரண்டில் பத்தில் ஒரு பங்கு, விபிஎன் போட்டு அதே டோரண்டை ஓட்டினால் மறுபடி முழு வேகம்: மூன்றும் பொருந்தினால் மட்டுமே சந்தேகம் நியாயமானது. மென்பொருளின் என்கிரிப்ஷனை 'கட்டாயம்' என்று மாற்றிப் பார்க்கலாம், காசில்லை. ஆனால் என்கிரிப்ஷன் இல்லாத பியர்களை அது விலக்கிவிடும், பலன் தெரியாவிட்டால் 'அனுமதி' நிலைக்கே திருப்பிவிடுங்கள். உறுதியான கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் போர்ட் இல்லாத விபிஎன்னும் பயன்படும். விபிஎன்னை அப்படி வாங்க நியாயம் உள்ள இடம் இது ஒன்றுதான்.

சீட்பாக்ஸ்

சீட்பாக்ஸில் டோரண்ட் உங்கள் வீட்டுக்கே வருவதில்லை. பொது ஐபியும் ஜிகாபிட் இணைப்பும் உள்ள சர்வரில் இறங்கி, அங்கிருந்து சாதாரணக் கோப்பாக உங்களுக்கு வருகிறது. சிஜிநாட், அப்லோடு பற்றாக்குறை, கட்டுப்பாடு மூன்றும் ஒரே அடியில் விலகும். வீட்டு அப்லோடு 2 எம்பிபிஎஸ், ஆனாலும் இரவும் பகலும் சீட் செய்ய வேண்டும் என்பவருக்கு விபிஎன்னைவிட இதுவே பொருத்தம். விபிஎன் உங்கள் அப்லோடை ஒரு பிட்டும் கூட்டாது. மாதம் ஓரிரு கோப்பு இறக்குபவருக்கு இது வீண் செலவு.

எடுக்கும்போது வேகத்தைவிடச் சேமிப்பிடத்தையும் மாத அப்லோடு வரம்பையும் பாருங்கள். பகிர்ந்துகொள்ளும் சர்வர் என்றால் ஒரே டிஸ்கைப் பலர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஜிகாபிட் என்று எழுதியிருந்தாலும் மாலை நேரங்களில் டிஸ்க் திணறும். சர்வரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது எஸ்எஃப்டிபி என்ற கோப்பு மாற்றும் முறையில் ஒரே இணைப்பாக இழுத்தால், தொலைவு காரணமாகவே வேகம் அடங்கிவிடும்: ஒப்புகை வராமல் அனுப்பக்கூடிய அளவு 2 மெகாபைட், போய்வர 200 மில்லிவினாடி என்றால், லைன் எவ்வளவு பெரிதானாலும் வினாடிக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் வராது. எல்எஃப்டிபி போன்ற கருவியில் ஒரே கோப்பை ஐந்தாறு இணைப்புகளாகப் பிரித்து இழுங்கள். அல்லது சந்தா கட்டும் முன்பே, உங்களுக்கு அருகிலுள்ள டேட்டா சென்டரில் சர்வர் தருகிறார்களா என்று கேட்டு, அவர்களுடைய சோதனைக் கோப்பை இரவு ஒன்பது மணிக்கு இறக்கிப் பாருங்கள்.